வெறும் ரைடுக்காரனின் தொண்ணூற்று நான்கு

பேச்சிமுத்துவுக்குத் தொண்ணூற்று நான்கு என்று ஒலிபெருக்கி சொன்னபோது, முதலில் சிரித்தவன் பேச்சிமுத்துதான்.

யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்தான். மேலக்குறிச்சி மின்னல் கபடி அணியில் அவனை வைத்து வேடிக்கை பண்ணுவது வழக்கம். போன மாதம்கூட ‘சிறந்த ஆட்டக்காரர்’ என்று அவன் பெயரை அறிவித்து, மேடைக்கு வரவழைத்து, அங்கே இருந்த தண்ணீர் டிரம்மைக் கீழே இறக்கி வைக்கச் சொன்னார்கள். அவனும் இறக்கி வைத்துவிட்டு வந்தான். அதனால் இந்த முறை நகரவில்லை. மைதான ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான்.

பிறகு மின்பலகையில் பெயர்கள் எரிந்தன. முதல் வரியில் பேச்சிமுத்து, 94. கடைசி வரியில் லிங்கதுரை, 31.

பழம் பாதி வாயில் இருக்க, அவன் எழுந்து அப்படியே நின்றுபோனான்.

உச்சமானியைப் பற்றிக் கபடி பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆட்டக்காரன் கணுக்காலில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கட்டுவார்கள். ஒரு பகல் முழுக்க அவன் ஓடுவதையும் குதிப்பதையும் மூச்சு விடுவதையும் அது குடித்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் ஒரு எண்ணைத் துப்பும். அவன் இன்றைக்கு எப்படி ஆடுகிறான் என்பதற்கான எண் அல்ல அது. வாழ்நாளில் அதிகபட்சம் எந்த உயரத்துக்குப் போவான் என்பதற்கு. எழுபதுக்கு மேல் வந்தால் சென்னையிலிருந்து மகா லீக் அணிகள் வண்டி அனுப்பும். நாற்பதிலிருந்து எழுபது வரை என்றால் மாவட்ட லீக்கிலேயே ஆடிக்கொண்டு அடுத்த வருடம் மறுபடி அளந்து பார்க்கலாம். நாற்பதுக்குக் கீழே வந்துவிட்டால் மறு அளவை கிடையாது. பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

ஊரில் அதற்கு ஜாதகப் பெட்டி என்று பெயர். உண்மையில் ஜாதகத்தைவிட மரியாதை அதிகம். கல்யாணத் தரகர்கள் பையனின் நட்சத்திரத்தைக் கேட்பதற்கு முன்னால் எண்ணைக் கேட்டார்கள். பன்னிரண்டு வந்த ஒருவன் சட்டையில்லாமல் தெருவில் நடப்பதையே விட்டுவிட்டான், தோள்பட்டையைப் பார்த்துவிட்டு யாராவது “கபடி ஆடுவீயளா?” என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

லிங்கதுரைக்கு முப்பத்தொன்று வந்ததைத்தான் யாராலும் நம்ப முடியவில்லை. மேலக்குறிச்சி ஜெயித்த எல்லாக் கோப்பையிலும் அவன் கைரேகை இருந்தது. எதிரணிக் களத்துக்குள் ரைடு போனால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டு, மூன்றாவது ஆளை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டில் வந்து விழுவான். மகா லீக்குக்காகவே பரோட்டாவை விட்டவன். சினிமாவை விட்டவன். ரயில்வேயில் கிடைத்த வேலையைக்கூட, “பட்டை கட்டுற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன்” என்று விட்டவன். அவனுடைய அக்கா பேராச்சியைத்தான் பேச்சிமுத்து கட்டியிருந்தான்.

பேச்சிமுத்துவின் வேலை வேறு. கபடியில் தொடர்ந்து இரண்டு முறை ரைடு போய் வெறுங்கையோடு வரலாம். மூன்றாவது முறை யாரையாவது தொட்டே ஆக வேண்டும். எனவே அணியின் மேலாளர் பால்பாண்டி அண்ணாச்சி ஒரு முறை வைத்திருந்தார். முதல் இரண்டு ரைடுக்கும் பேச்சிமுத்து போவான். எதிரணி ஏழு பேருக்கும் நடுவில் முப்பது விநாடி ஆடிவிட்டு, பிடிபடாமல், யாரையும் தொடாமல், போனபடியே திரும்பி வருவான். மூன்றாவதுக்கு லிங்கதுரை இறங்குவான். கைதட்டல் எல்லாம் மூன்றாவதுக்குத்தான். பேச்சிமுத்துவை வெறும் ரைடு என்றுதான் கூப்பிடுவார்கள். ரேஷன் கடையிலேயே “வெறும் ரைடு, உனக்குப் பருப்பு வந்துட்டு” என்பார்கள்.

இப்போது வெறும் ரைடு வாயில் பழத்தோடு நிற்க, லிங்கதுரை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். நேராக வந்து குனிந்து, பேச்சிமுத்துவைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

“எங்க அத்தான்ல” என்றான் சத்தமாக. “தொண்ணூத்திநாலுல. பாத்துக்கிடுங்க.”

கொட்டு அடித்தார்கள். வெடி போட்டார்கள். பேச்சிமுத்து மேலே இருந்தபடி எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டான். தன் தொடைக்குக் கீழே மச்சினனின் தோள் நடுங்கிக்கொண்டே இருந்தது அவனுக்கு மட்டும் தெரிந்தது.

* * *

மறுநாள் ஒரு பகல் அவன் ராஜாவாக இருந்தான்.

ஆட்டோக்களுக்கு பேட்டரி மாற்றும் நிலையத்தில் அவனுக்கு வேலை. முதலாளி தன் சுழல் நாற்காலியிலிருந்து எழுந்து, அதில் அவனை உட்கார வைத்தார். ஆட்டோக்காரர்கள் தங்கள் பேட்டரியைத் தாங்களே மாற்றிக்கொண்டு அவனோடு படம் எடுத்தார்கள். ஃபிளெக்ஸ் கடை டேனியல் பத்து மணிக்குள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பலகை வைத்துவிட்டான். அதில் பேச்சிமுத்துவுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, தோளில் ஒரு சிங்கக்குட்டியை உட்கார வைத்து, ‘தெற்கின் தொண்ணூற்று நான்கே’ என்று எழுதியிருந்தது.

“சிங்கம் எதுக்கு?” என்று பேச்சிமுத்து கேட்டான்.

“அது போன தேர்தல்ல மிஞ்சினது. சும்மா கிடந்துச்சு” என்றான் டேனியல்.

நான்கு தெரு சுற்றி நடந்தான். எல்லாத் தெருவிலும் காபி கொடுத்தார்கள். எல்லாவற்றையும் குடித்தான். வாழ்க்கையில் முதல் முறையாக யாரும் அவனை ஏதாவது எடுத்து வைக்கச் சொல்லவில்லை. நடக்கும்போது கால் தரையில் படுகிறதா என்று இரண்டு மூன்று தடவை குனிந்து பார்த்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது பேராச்சி நாட்டுக்கோழி அடித்து வைத்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

“என்ன, வெங்காயமா?” என்றான்.

“உங்களுக்காகச் சிரிக்கேன். தம்பிக்காக அழுதேன். ரெண்டையும் ஒரே மூஞ்சில வச்சுக்கிட்டு நான் என்னங்க செய்ய?”

“சாப்பிட்டானா?”

“நேத்துலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல. மாடியில சுவத்தப் பாத்துப் படுத்துக் கிடக்கான். போய்க் கூப்பிட்டா, ‘அத்தானுக்குப் போடுக்கா, அவுகதான் உடம்பப் பாக்கணும்’ங்கான்.”

கோழிக்குழம்பு ருசியாகத்தான் இருந்தது. ஆனால் பேச்சிமுத்து இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை.

அவன் கை கழுவும்போது பால்பாண்டி அண்ணாச்சி ஓடி வந்தார். அவர் ஓடி ஊரில் யாரும் பார்த்ததில்லை. இரும்புக்கடை வைத்திருப்பவர், உருவமும் கடைக்குப் பொருத்தமாக இருக்கும்.

“ஏல பேச்சி, பட்டைய எங்க வச்சுக் கும்பிட்டோம்?”

“மாடசாமி பீடத்துல. நீங்கதான வைக்கச் சொன்னிய.”

“எல்லாப் பட்டையையும் ஒண்ணாத்தான வச்சோம்?”

“ஆமா. எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்துல.”

“பூசாரி பூச முடிச்சு எப்படிக் குடுத்தாரு? பேரப் பாத்தா குடுத்தாரு?”

பேச்சிமுத்துவின் கை குழாயடியிலேயே நின்றது. பூசாரி பெயர் பார்க்கவில்லை. திருநீறு கொடுப்பதுபோல, நீட்டிய கையில் எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவரவர் காலில் கட்டிக்கொண்டார்கள். பட்டையின் உட்பக்கத்தில் பொடி எழுத்தில் பெயர் இருந்தது. சாமி கையால் வந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது மரியாதையில்லை என்று யாரும் பார்க்கவில்லை.

“மாறிட்டு வே. கழட்டிக் குடுத்த பட்டையில உள்ளுக்குப் பேரப் பாத்தேன்” என்றார் அண்ணாச்சி. “ஒன் கால்ல அவன் பட்டை. அவன் கால்ல ஒன் பட்டை. இது அவன் தொண்ணூத்திநாலு. ஒனக்கு முப்பத்தொண்ணு. அதுதான நியாயமா இருக்கு?”

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் வலித்தது.

மாடிப் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. லிங்கதுரை கைலியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து நின்றான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். பேச்சிமுத்துவின் முகத்தையே பார்த்தான். சந்தோஷப்பட அனுமதி கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

“ஏன் மாப்ள நிக்கே?” என்றான் பேச்சிமுத்து. “கோழி ஆறுது. உக்காரு.”

லிங்கதுரை உட்கார்ந்து சாப்பிட்டான். பானை காலியாகும்வரை சாப்பிட்டான். பேராச்சி பரிமாறிக்கொண்டே தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். புருஷனைப் பார்த்து மூக்கைச் சிந்தினாள்.

சாயங்காலத்துக்குள் டேனியல், பலகையில் பேச்சிமுத்துவின் முகத்தின்மேல் லிங்கதுரையின் முகத்தை ஒட்டிவிட்டான். கறுப்புக் கண்ணாடியும் சிங்கக்குட்டியும் அப்படியே இருந்தன.

* * *

ஆட்சேபம் இருந்தால் எண் வந்த இரண்டு நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது விதி. மறுநாள் காலைப் பேருந்தில் இருவரும் பாளையங்கோட்டை போனார்கள். மாவட்ட மைதானத்தின் கேலரிக்குக் கீழே ஓர் அறையில் மதிப்பீட்டாளர் இருந்தார். பெயர் தமயந்தி. சென்னைக்காரர். மேசை மேல் கால்பட்டைகள் வளையல் கடை மாதிரி அடுக்கியிருந்தன. எண் அதிகம் வந்தவர் முதலில் தனியாக வர வேண்டும் என்றதால் லிங்கதுரை வெளியே கரும்புச்சாறு வண்டிப் பக்கம் நின்றான்.

பேச்சிமுத்து மாடசாமி பீடத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். தமயந்தி கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். முடிந்ததும் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. பல தடவை கேட்ட கதையை மறுபடி கேட்ட சிரிப்பு.

“இந்தப் பக்கம் பூஜை போடாம யாருமே பட்டை கட்டுறதில்ல, பேச்சிமுத்து. போன வருஷம் ஒரு ஊர்ல நேர்த்திக்கடன்னு கிடாய்க் கால்ல கட்டிட்டு, கழட்ட மறந்துட்டாங்க.”

“எத்தன வந்துச்சு மேடம்?”

“அறுபத்தெட்டு. இன்னும் ரெண்டு வந்திருந்தா வண்டி போயிருக்கும்.”

இருவரும் கொஞ்ச நேரம் கிடாயை நினைத்துச் சிரித்தார்கள். பிறகு தமயந்தி ஒரு பட்டையைக் கையில் எடுத்தார்.

“பட்டை மாறினது உண்மை. ஆனா மாறினா ஒண்ணும் ஆகாது. பதிவு பண்ணின அன்னைக்கு உங்க எல்லாரையும் ஒரு பாய் மேல நடக்கச் சொன்னோம் இல்லையா? கட்டின உடனே நாலு அடி நடந்தா, இது யார் கால்னு பட்டை கண்டுபிடிச்சிடும். உள்ளே அச்சடிச்ச பேரை அது பார்க்கவே பார்க்காது.”

பேச்சிமுத்துவுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது.

“அப்போ தொண்ணூத்திநாலு…”

“உங்களோடது.”

“மேடம், ஆள் தெரியாமப் பேசுதிய. என்ன எங்க ஊர்ல வெறும் ரைடுன்னு கூப்பிடுவாங்க.”

தமயந்தி திரையைத் திருப்பினார். அதில் முந்தாநாள் ஆட்டம். ஏழு பேருக்கு நடுவில் பேச்சிமுத்து ஆடிக்கொண்டிருந்தான். அவன் அசைய அசைய, எதிராளிகளின் தோளிலும் முட்டியிலும் இடுப்பிலும் நீலப் புள்ளிகள் பூத்து அணைந்தன.

“நீலம் எல்லாம் நீங்க தொட்டிருக்கக்கூடிய இடம். இவன் சாயுறதுக்கு முன்னாடியே நீங்க விலகுறீங்க. இந்தா, இவன் பாயப்போறது அவனுக்கே தெரியாது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரே ரைடுல நாலு பேரைத் தொட்டுட்டுச் சாவகாசமா வந்திருக்கலாம். எல்லா ரைடும் இப்படித்தான். ஏன் தொடலை?”

“தொடச் சொல்லலியே” என்றான் பேச்சிமுத்து. “அண்ணாச்சி ‘சும்மா போய்ட்டு வால’ன்னாரு. போனேன். வந்தேன்.”

பேச்சிமுத்து திரையைப் பார்த்தான். நீலப் புள்ளிகள். அவனுக்கு அவை எப்போதும் தெரிந்தவைதான். எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தான். வயிற்றிலிருந்து ஒரு குமிழி கிளம்பி நெஞ்சுக்கு வந்தது. எழுந்து நின்று அந்த அறைக்குள்ளேயே ஒரு சுற்று ஓட வேண்டும்போல இருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் ஜன்னல் வழியாக லிங்கதுரை கண்ணில் பட்டான்.

“முப்பத்தொண்ணும் அவனோடதுதானா?”

“ஆமா.” அவர் குரல் தாழ்ந்தது. “அவர் இன்னைக்கு ஆடுற ஆட்டம் இருக்கே, அதுதான் அவரோட உச்சம். இதுக்கு மேல ஏறாது. மேலக்குறிச்சியில அது மலை. மகா லீக்ல முப்பத்தொண்ணு.”

“பெட்டி தப்பே பண்ணாதா?”

“இதுவரை தொண்ணூறுக்கு மேல வந்த எல்லாருமே மேல ஜெயிச்சிருக்காங்க.” தமயந்தி கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். “ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. தொண்ணூறு வந்தவனை அங்கே எப்படி வச்சுக்கிறாங்க தெரியுமா? தனிப் பயிற்சி. தனிச் சாப்பாடு. முட்டி வலிச்சா ஓடி வர டாக்டர். ஒரு வருஷம் சொதப்பினாலும், ‘எண் இருக்கு, வரும்’னு காத்திருப்பாங்க. முப்பத்தொண்ணு வந்தவனை வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் தொண்ணூறு ஜெயிச்சா, பெட்டி சொன்னது பலிச்சுதுன்னு மாலை போடுறாங்க.”

பேச்சிமுத்து தலையைச் சொறிந்தான். “அப்போ பெட்டி நல்ல மாட்டப் பாத்துச் சொல்லுதா, இல்ல பெட்டி சொன்ன மாட்டுக்குப் புல்லு அதிகமா விழுதா?”

“அதைத்தான் இந்த வேலைக்கு வந்த நாள்லேருந்து நானும் கேட்கிறேன். தெரிஞ்சுக்க ஒரே வழிதான். தப்பான தொண்ணூறு ஒண்ணு வேணும். தொண்ணூறு இல்லாத ஒருத்தரைத் தொண்ணூறுன்னு சொல்லி மேலே அனுப்பி, என்ன ஆகுதுன்னு பார்க்கணும். அப்படி அனுப்ப யாரும் அனுமதி தர மாட்டாங்க. கிடாய்தான் கிட்டத்தட்ட வந்துச்சு.”

தமயந்தி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு விதிப் புத்தகத்தை எடுத்து, கூரையைப் பார்த்தபடி படிப்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

“பட்டை மாறியதாக இரண்டு ஆட்டக்காரர்களும் கையெழுத்துப் போட்டு ஆட்சேபம் கொடுத்தால், அது சென்னை விசாரணைக் குழுவுக்குப் போகும். விசாரணை முடியும்வரை இருவருக்கும் உயர்ந்த எண்ணே செல்லும். ஒரு அணி முதலாளி தன்னோட ஆளைக் காப்பாத்திக்கிறதுக்காகச் சேர்க்க வச்ச விதி இது.”

“நடையப் பாத்துக் கண்டுபிடிச்சிருமே மேடம். ஒடனே தள்ளிர மாட்டாங்களா?”

“நடையை ஆதாரமா எடுத்துக்கலாமான்னே தனியா ஒரு விசாரணை நடக்குது. முடிய எப்படியும் மூணு வருஷம். பழைய கேஸ் ஒண்ணுல ஆட்டக்காரர் ரிட்டையராகி, இப்போ அவர் பையன் ஆடுறான். இன்னும் தீர்ப்பு வரலை.”

“அப்போ ரெண்டு பேரும் போலாம்.”

“போலாம். ஆனா ரெண்டு விஷயம் யோசிச்சுக்கோங்க. அவருக்கு உண்மை தெரியக் கூடாது. முப்பத்தொண்ணுன்னு தெரிஞ்சா முப்பத்தொண்ணாத்தான் ஆடுவார். அடுத்தது, காகிதத்துல ரெண்டு பேரும் தொண்ணூத்திநாலு. ஆனா ரெண்டுல ஒருத்தர் பொய்னு எல்லாருக்கும் தெரியும். யாரைப் பொய்னு சொல்வாங்க?”

“என்னத்தான்.”

“மூணு வருஷத்துக்கு. உங்க மச்சினன் உட்பட. வீட்லயும்தான்.” அவர் புத்தகத்தை மூடினார். “ஆட்சேபம் இல்லைன்னா, திங்கக்கிழமை உங்களுக்கு மட்டும் வண்டி வரும். அது நூறு சதவீதம் நியாயம். யாரும் உங்களைக் குத்தம் சொல்ல முடியாது. நான் எதுவும் சொல்லலை, விதியைப் படிச்சுக் காட்டினேன்.”

பேச்சிமுத்து சுழல் நாற்காலியை நினைத்துக்கொண்டான். நான்கு தெருக் காபி. ஒரு பகல்தான் என்றாலும் எவ்வளவு நன்றாக இருந்தது. அதெல்லாம் உண்மையிலேயே தன்னுடையது என்று தெரிந்த பிறகு திருப்பிக் கொடுப்பது, தெரியாதபோது கொடுத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. நேற்று அவனுக்கு இல்லாத ஒன்றைத்தான் விட்டுக்கொடுத்தான். இன்றைக்கு அது சட்டைப்பையில் கனக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே லிங்கதுரை கரும்புச்சாறுக்காரரை நிற்க வைத்து, காலை எப்படிப் பிடிப்பது என்று செய்து காட்டிக்கொண்டிருந்தான். நேற்று வரை சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவன். கரும்புச்சாறுக்காரர் கையில் டம்ளரோடு ஒற்றைக் காலில் தள்ளாடினார். சாறு இருவர் மேலும் கொட்டியது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“மேடம், முப்பத்தொண்ணுன்னு எல்லாரும் நெனைக்கும்போது நான் ஆடுனா, நான் என்ன ஆவேன்?”

“தெரியாது” என்றார் தமயந்தி. “அது ரெண்டாவது சோதனை. அதையும் யாரும் பண்ணிப் பார்த்ததில்லை.”

பேச்சிமுத்து சட்டைப்பையைத் தடவினான். “பேனா இருக்கா?”

* * *

லிங்கதுரை உள்ளே வந்து கையெழுத்துப் போட்டபோது, சந்தோஷத்தில் தன் பெயரையே பாதியில் நிறுத்தி யோசித்தான். தமயந்தி அவன் கையைக் குலுக்கி, “நல்லா ஆடுங்க லிங்கதுரை, உங்களைத் தொடர்ந்து பார்த்துட்டே இருப்பேன்” என்றார். அது முழுக்க உண்மை.

வெளியே வந்ததும் பேச்சிமுத்து வீட்டுக்குப் பேசினான்.

“ரெண்டு பேரும் போறோம் பேராச்சி. விசாரண முடியிற வரைக்கும்.”

அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. “ரெண்டு பேருமா? நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“தம்பிக்குத் தொண்ணூத்திநாலு வந்துட்டுல்லா?”

“வந்துட்டு.”

அவள் குரல், குழந்தையிடம் பேசுவதுபோல ஆனது. “ஏங்க, நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய. எண்ணு என்ன எண்ணு. எனக்கு நீங்க முப்பத்தொண்ணா இருந்தாலும் சரிதான். வரும்போது சாளை மீனு கிடைச்சா வாங்கியாங்க.”

“வாங்கியாரேன்” என்றான் பேச்சிமுத்து. அலைபேசியைப் பையில் போடும்போது அவன் வாய் தானாகக் கோணியது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டான்.

பேருந்தில் ஒரே ஒரு இரட்டை இருக்கை காலியாக இருந்தது. லிங்கதுரை முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். பேருந்து புறப்பட்டுச் சிறிது தூரம் போனதும் அவனுக்கு ஏதோ தோன்றியது. எழுந்தான்.

“ஜன்னல் பக்கம் நீங்க வாங்க அத்தான்.”

“இருக்கட்டும் மாப்ள.”

“சொன்னாக் கேளுங்க. காத்து வரும். மனசுக்கு நல்லா இருக்கும்.”

பேச்சிமுத்து நகர்ந்து உட்கார்ந்தான். லிங்கதுரை தொண்டையைச் செருமினான். இப்படிப் பேசுவதற்கு அவன் மைதானத்திலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது தெரிந்தது.

“அத்தான், ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிட மாட்டியளே?”

“சொல்லு.”

“சென்னையில இருக்கவன் எல்லாம் பெரிய பெரிய ஆளு. உங்களப் பாத்து ஒண்ணு ரெண்டு சொல்லத்தான் செய்வான். காதுல வாங்காதிய. மூணு வருசம் இருக்குல்லா. எனக்குப் பக்கத்து எடத்துலயே நில்லுங்க, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போவாண்டாம். எவனாவது உங்கள எறக்கிப் பேசினான்னா, ‘எங்க அத்தான்ல’ன்னு நான் வந்து நிக்கேன். உங்களுக்கு ஆட்டம் நான் சொல்லித் தாரேன். மெதுமெதுவா வந்துரும். வராட்டாலும் பரவால்ல.”

பேச்சிமுத்து சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வயல், பனை, தொலைவில் காற்றாலைகள் எல்லாம் கண்ணீரில் குழைந்து ஓடின. காலையில் நெஞ்சுக்கு வந்து நின்ற குமிழி இப்போது சிரிப்பாகி வாய் வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்தான். தோளைத் துண்டால் போர்த்திக்கொண்டான். அப்படியும் நிற்கவில்லை. முதுகு குலுங்கியது. இருக்கையே குலுங்கியது. முன் இருக்கையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

லிங்கதுரை அந்த ஆளைப் பார்த்து, ‘ஒன்றும் இல்லை’ என்று கண்ணால் சைகை செய்தான். பிறகு அத்தானின் முதுகில் கை வைத்து மெதுவாகத் தடவிக் கொடுத்தான்.

“அழாதிய அத்தான்” என்றான், அவன் காதருகே. “நான் இருக்கேன்லா.”

தடவத் தடவ, குலுங்கல் அதிகமாகிக்கொண்டே போனது.